விசா காலம் முடிந்த மகள்: கல்லூரிப் பணத்துக்கு என்ன வழி?

கேள்வி: சுற்றுலா விசாவில் வந்து, காலம் முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டோம். மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கலிபோர்னியாவில் படிக்கிறாள், இப்போது பன்னிரண்டாவது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. பள்ளியில் எல்லோரையும் ஃபாஃப்சா நிரப்பச் சொல்கிறார்கள். இவளும் நிரப்பலாமா?
– வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: வேண்டாம். ஃபாஃப்சா என்பது கல்லூரிப் பண உதவிக்கான மத்திய அரசின் படிவம். பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை, மத்திய அரசுக் கடன் எதற்கும் உங்கள் மகளுக்குத் தகுதி இல்லை. அதில் தவறிப்போய் 'குடிமகள்' என்று டிக் செய்துவிட்டால், பின்னால் கிரீன் கார்டுக்கே அது தடையாகிவிடலாம். அவள் நிரப்ப வேண்டியது கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். மாநில உதவித்தொகை ஆணையம் நடத்துவது அது. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். யாருடைய எண்ணையும் போடாதீர்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மார்ச் 2 கெடு. அட்மிஷன் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் பல குடும்பங்களை மாட்டிவிடுகிறது. ஏபி 540 என்ற மாநிலச் சட்டத்தின்படி மாநிலத்தவர் கட்டணம் பெறுவதற்கான உறுதிமொழிப் படிவம் வேறு. மூன்று ஆண்டு இங்கே பள்ளிப் படிப்பு, உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சி இரண்டும் இருந்தால், அதில் கையெழுத்திட்டு சேரப்போகும் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வெளிமாநிலத்தவர் கட்டணத்தில் பில் வரும். யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 2024-25இல் அந்தக் கூடுதல் தொகை மட்டும் 34,200 டாலர். ஆணையத்தின் இணையதளத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் 'என் படிவம் வந்துவிட்டதா' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், பெயர். கல்லூரிக் கட்டணத்துக்குக் கைகொடுக்கும் 'கால் கிராண்ட்' (Cal Grant) என்ற மாநில உதவித்தொகைக்கு, பள்ளி அனுப்பும் ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) விண்ணப்பமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எண் இல்லாதவர்களுக்கு அதைப் பெயர், பிறந்த தேதி, முகவரியை வைத்தே பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பள்ளிப் பதிவேட்டிலோ இனிஷியல் மட்டும் இருக்கும். பொருந்தாத ஜிபிஏ அப்படியே நின்றுவிடும். ஜனவரியிலேயே பள்ளிக் கவுன்சலரைப் பார்த்து, ஜிபிஏ எந்தப் பெயரில் போகிறது என்று கேட்டு, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி விண்ணப்பத்தில் எழுதுங்கள். பிறகு ஆணையத்தின் வெப்கிராண்ட்ஸ் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, ஜிபிஏ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் மிகவும் இறுக்கமானால் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கலாம். ஒரு பாட யூனிட்டுக்கு 46 டாலர். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்யும். யூசி, சிஎஸ்யூவில் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) ட்ரீம் லோன் ஆண்டுக்கு 4,000 டாலர் வரை, மொத்தம் 20,000 வரை உண்டு. கடன் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவை கலிபோர்னியாவுக்கு மட்டுமே. டெக்சஸில் 2001 முதல் இருந்த மாநிலத்தவர் கட்டணச் சலுகை 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோனது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால், அந்த மாநிலச் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.