அம்மாவுக்கு ஆர்வமில்லை என்று யார் சொன்னது?

கேள்வி: தான்சானியாவில், தார் எஸ் ஸலாமில் வேலை பார்க்கிறேன். வருகிற ஜூலையில் குடும்பத்தோடு ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்கு சஃபாரி போகிறோம். விளிம்பிலேயே லாட்ஜ் பார்த்தாயிற்று. பள்ளத்துக்குள் ஒரு நாள் போதுமா? காண்டாமிருகம் கட்டாயம் பார்க்க வேண்டும். என்ன லென்ஸ் கொண்டுபோகலாம்? இரண்டு வயதுப் பையனைப் பற்றிக் கவலையில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அவனை லாட்ஜில் பார்த்துக்கொள்வார். அவருக்கு இதிலெல்லாம் ஆர்வமும் கிடையாது.
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, லென்ஸ் அப்புறம். முதலில் அந்தக் கடைசி வரி.

ஆர்வம் கிடையாது என்று அம்மா தன் வாயால் சொன்னாரா, நீங்களே எழுதிக்கொண்டீர்களா? இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. கொடைக்கானல் போகிறவர்களும் எழுதுகிறார்கள், சிங்கப்பூர் போகிறவர்களும் எழுதுகிறார்கள். ஊர்தான் மாறுகிறது. பேரனோடு அறைக்குள் உட்காருகிற அம்மா மாறுவதில்லை. கேட்டால், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றுதான் சொல்வார். எந்த அம்மாதான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்? நீங்கள் விமானம் ஏற்றி வரவழைத்தது அம்மாவையா, ஆயாவையா?

காசு உறுத்துகிறதென்றால் அதையும் பேசிவிடலாம். அங்கே வேலை அனுமதியோடு இருக்கிற உங்களைவிட, விசிட்டராக வந்த அம்மாவுக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல்தான். ஆனால் அதை காரட்டு என்ற ஊரைத் தாண்டி, காப்பகத்தின் நுழைவாயிலான லோடுவாரே கேட்டில் நுழையும்போதே கட்டிவிடுகிறீர்கள். விளிம்பு லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது உண்டு. பள்ளத்துக்குள் இறங்குவதற்கான தனிக் கட்டணம் வண்டிக்கு, தலைக்கு அல்ல. அம்மாவை மேலே விட்டுவிட்டுப் போவதால் ஒரு ஷில்லிங்கூட மிச்சமாகாது.

அந்தப் பள்ளத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கீழே மேய்கிற யானைகளில் பெரும்பாலானவை தந்தம் நீண்ட, வயதான ஆண்கள். தாய் யானைகளும் குட்டிகளும் அநேகமாக விளிம்புக் காட்டிலேயே நின்றுவிடும். உங்கள் திட்டமும் அச்சு அசல் அதுவேதான்.

சரி, போகிற வழியைப் பார்ப்போம். விளிம்பு சுமார் 2,300 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஜூலைக் காலையில் மூடுபனியும் குளிரும் வாட்டும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் இப்போதே வாங்குங்கள். அங்கிருந்து 600 மீட்டர் இறக்கம். கீழே 260 சதுர கிலோமீட்டர்தான், ஒரு நாள் தாராளம். விடிந்ததும் இறங்குங்கள். காண்டாமிருகம் கண்ணில் படலாம், படாமலும் போகலாம், அதற்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒட்டகச்சிவிங்கி எங்கே என்று டிரைவரை நச்சரிக்காதீர்கள், பள்ளத்துக்குள் அது கிடையாது.

நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள். கழிப்பறை, ங்கோயிட்டோகிட்டோக் ஊற்று மாதிரி பிக்னிக் இடங்களில்தான். அம்மாவையும் பையனையும் மனதில் வைத்து, எப்போது அங்கே போவது என்று டிரைவரிடம் காலையிலேயே பேசி வையுங்கள். அங்கே சாப்பாட்டை வெளியே பிரிக்கக் கூடாது. பருந்து பாய்ந்து கையிலிருக்கிற சப்பாத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள். வண்டிப் படி உயரம், அம்மா ஏற ஒரு சின்ன முக்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் குலுங்கலில் அழுவான், பிறகு தூங்கிவிடுவான். உங்கள் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி மடிக்குத் தள்ளாதீர்கள். முடியவில்லையென்றால் மதியத்தோடு எல்லோருமாக மேலே ஏறிவிடுங்கள்.

லென்ஸ் கேட்டீர்களே, 100-400 மி.மீ. ஜூம் போதும். ஜன்னலோரம் அம்மாவுக்கு. நீங்கள் கூரையைத் திறந்து நின்றுகொண்டு எடுங்கள்.