டிராக்கில் ஓட்டுவதற்குப் பெரிய பிரேக் செட் அவசியமா?

சாலையில் ஓட்டும் காரையே பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோகப் போவதாகவும், பெரிய டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), அதைக் கவ்விப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் மாட்டினால்தான் கார் நிற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

நல்ல நிலையில் உள்ள எந்தக் காரின் பிரேக்கும் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை இயங்க வைத்துவிடும். அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரின் பிடிமானம்தான். ஆகவே ஒரு தடவை நிறுத்தும் தூரத்தைப் பெரிய காலிப்பர் குறைக்காது. நிறுத்தும் தூரம்தான் கவலை என்றால் நல்ல டயர் வாங்குங்கள். பெரிய டிஸ்க்கால் கிடைப்பது வெப்பத்தைத் தாங்கும் திறன்.

டிராக்கில் எதிரியே அந்த வெப்பம்தான். 1,400 கிலோ எடையுள்ள கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 16 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. வேகம் பாதிதான் குறைந்தது. ஆற்றலில் முக்கால் பங்கு போய்விட்டது. அதில் பெரும்பகுதி டிஸ்க்கில் வெப்பமாக ஏறுகிறது, அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

முதலில் தோற்பது பெரும்பாலும் பெடலின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைவரை போகும். பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் குற்றவாளி, டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட். எனவே புதிய, கொதிநிலை அதிகமான ஆயிலும் டிராக்குக்கான பேடும் போதும். ஆனால் அந்தப் பேடுகள் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கீச்சிடவும் செய்யும். அவற்றோடு அன்றாடம் சாலையில் ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. துளையிட்ட டிஸ்க் அழகுதான், கடும் சூட்டில் துளையோரம் விரிசல் விடும்.

இனி உங்கள் கால். புதியவர்கள் பலர் மெல்ல மிதிக்கத் தொடங்கி, வளைவு நெருங்க நெருங்கப் பயந்து அழுத்துகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். கார் நேராக, அதிக வேகத்தில் இருக்கும்போதே முழு அழுத்தம். எடை முன்னால் சாய அரைக் கணம் கொடுத்து அழுத்துங்கள், உதைக்காதீர்கள். பிறகு ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவுக்குப் பெடலைத் தளர்த்துங்கள். சட்டென்று விட்டால் முன் டயர்களின் மேலிருந்த பாரம் குறைந்து கார் வெளியே ஓடும்; விடாமல் அழுத்தினால் பின்பக்கம் வழுக்கும். பிரேக்கை விடும் விதத்தில்தான் ஓட்டுநரின் திறமை தெரியும்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஆயில் கொதிக்கிறது, பேட் சீக்கிரம் தேய்கிறது என்றால், முதலில் டிஸ்க்குக்குக் காற்று வரும் குழாய் வையுங்கள். அதுவும் போதாதபோது பெரிய செட்டைப் பற்றிப் பேசலாம்.