நாஷ்வில்லுக்கு ஒரு வருடம் போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்ட்ரி இசை பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் டாலஸில் இருக்கிறோம். என் மகளுக்கு 22 வயது. கிட்டாரோடு இங்கே இரண்டு உணவகங்களில் வாரக்கடைசியில் பாடுகிறாள். பாட்டும் எழுதுவாள். படிப்பு முடிந்ததும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்விடுவேன், ஒரு வருடத்தில் இசை நிறுவன ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் பிறகு கவலையே இல்லை என்கிறாள். இதற்கிடையே ஒரு நிறுவனம், 4,000 டாலர் கட்டினால் அவள் பாட்டை வெளியிட்டு வானொலிக்கும் கொண்டுபோகிறோம் என்று எழுதியிருக்கிறது. கட்டலாமா? ஒரு வருடம் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

பணம் கட்டாதீர்கள். பாட்டின் உரிமையில் பங்கு வாங்கிக்கொண்டு, அது சம்பாதிக்கும்போது தானும் சம்பாதிப்பவர்தான் பப்ளிஷர். முன்பணம் கேட்பவருக்குப் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அவருக்கு வரவேண்டியது வந்துவிட்டது.

ஒரு வருடம் போதாது. நாஷ்வில்காரர்களே தங்கள் ஊரைப் பத்து வருட ஊர் என்பார்கள். பாடகி லேனி வில்சன் 2011இல் லூசியானாவிலிருந்து வந்து கேம்பர் வண்டியில் குடியிருந்தார். அவர் பாட்டு வானொலியில் முதலிடம் பிடித்தது 2021இல். பாடகர் கார்த் புரூக்ஸ் 1985இல் வந்த வேகத்தில் ஊர் திரும்பி, 1987இல் மறுபடி வந்தவர்.

ஆனால் ஒப்பந்தம் கிடைத்தால் கவலையில்லை என்று உங்கள் மகள் நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பெரிய சறுக்கல்கள் பலவும் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் வருகின்றன.

நிறுவனம் கொடுக்கும் அட்வான்ஸ் சம்பளம் அல்ல. அவளுடைய ராயல்டியில் கழிக்கப்படும் கடன். ஒலிப்பதிவுச் செலவும் அதே கணக்கில் ஏறும். அடுத்தது வானொலிச் சுற்றுப்பயணம்: மாதக்கணக்கில் ஊர் ஊராக ஒவ்வொரு நிலையத்துக்கும் போய், பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகள் முன்னால் ஒற்றைக் கிட்டாரோடு பாட வேண்டும். புதியவரின் பாட்டு தரவரிசையில் மேலே ஏற ஒரு வருடம்கூட ஆகும். பாதியில் நின்றுவிட்டால் நிறுவனம் அதைக் கைவிடும்; ஆல்பம் அலமாரிக்குப் போகும். மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்துடையது என்பதால் அவளால் அதை வேறெங்கும் வெளியிட முடியாது. அதே பாட்டை மறுபடி பதிவு செய்யவும் ஒப்பந்தம் பல வருடங்களுக்குத் தடை போட்டிருக்கும். பாடகி மிக்கி கைட்டன் 2011இல் கேபிட்டல் நாஷ்வில் என்ற இசை நிறுவனத்தில் ஒப்பந்தமானார். முதல் முழு ஆல்பம் வந்தது 2021இல். பெண்களுக்கு இந்த வாசல் இன்னும் குறுகல். 2015இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர் பெண் குரல்களை சாலட்டில் கிடக்கும் தக்காளிக்கு ஒப்பிட்டு, அவர்கள் பாட்டைக் குறைக்கச் சொன்னார். திறமையை வைத்து மட்டும் இந்தத் துறையை அளக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனுக்கும் இதே கதிதான். 2013இல் அவர் தனியாக வெளியிட்ட முதல் பாட்டு எடுபடவில்லை; பதிவு செய்த ஆல்பமும் வெளிவரவில்லை. ஆனால் 2001இல் நாஷ்வில் வந்த சில நாட்களிலேயே பாட்டெழுத ஒரு பப்ளிஷரோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். மற்றவர்களுக்கு அவர் எழுதிய பாட்டுகள் அவரைத் தாங்கின. 2015இல் தனி ஆல்பம் வந்ததும் அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் மூன்று சிஎம்ஏ விருதுகள்.

எழுதிய பாட்டு அவரைத் தாங்கியதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி பாட்டெழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் பணம் கொடுக்கிறது, பாடியவருக்குக் கொடுப்பதில்லை. அதற்காக எழுத்தில் பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். குறுந்தகடு, டவுன்லோடுக்கான சட்டப்படியான ராயல்டி 2006 முதல் 9.1 சென்ட், 2023இல்தான் 12 சென்ட் ஆனது. அந்த 12 சென்ட் கணக்கில் ஒரு லட்சம் பிரதி விற்றால் 12,000 டாலர். மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் தலைக்கு 4,000. பப்ளிஷர் பாதி எடுத்தால் கையில் 2,000. எனவே சேர்ந்து எழுதும் அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேசினால் நட்பு போகும். பாட்டு வானொலியில் ஒலிப்பதற்கான பணத்தை வசூலித்துத் தரும் ஆஸ்காப் அல்லது பிஎம்ஐ அமைப்பில் பாட்டெழுத்தாளராகப் பதிவு செய்வதும் உடனே ஆகவேண்டிய வேலை.

வீட்டு வாடகைக்காகப் பலரும் பாடப் போவது நாஷ்வில்லின் பிராட்வே தெருவில், ஹாங்கி டாங்க் எனப்படும் இசை மதுக்கூடங்களுக்கு. ஒரு ஷிப்ட் பொதுவாக நான்கு மணி நேரம். அடிப்படைக் கூலி குறைவு. மிச்சமெல்லாம் டிப்ஸ் வாளியில் விழுவதை வாத்தியக்காரர்களோடு பங்கிட்டது. கேட்பவர்களுக்கு வேண்டியது அடுத்தவரின் பழைய ஹிட் பாட்டு. வாரத்தில் ஆறு ஷிப்ட் எடுத்தால் குரல் கட்டும், காலையில் எழுத உட்கார முடியாது. மூன்றோடு நிறுத்தலாம். சொந்தப் பாட்டுக்கு வேறு இடம் இருக்கிறது: 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே. நூறு பேர்கூட உட்கார முடியாத இடம். பாடும்போது யாரும் பேசக்கூடாது. நிறுவனங்கள் திருப்பி அனுப்பிய கார்த் புரூக்ஸை 1988இல் கேபிட்டல் அதிகாரி ஒருவர் கேட்டது அங்கேதான்.

நீங்கள் டாலஸில் இருப்பது பெரிய வசதி. டெக்சாஸுக்கென்றே நடன அரங்குகள், வானொலி, தனித் தரவரிசை எல்லாம் உண்டு. பாடகர் கோடி ஜான்சன் சொந்தமாக ஆல்பம் போட்டு அங்கேயே கூட்டம் சேர்த்தார். 2018இல் வார்னர் இசை நிறுவனம் வந்தபோது பேரம் பேசும் இடத்தில் அவர் இருந்தார். உங்கள் மகள் அடுத்த இரண்டு வருடம் டெக்சாஸில் பாடட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் நாஷ்வில் போய், தினமும் காலையில் ஒருவரோடு சேர்ந்து எழுதட்டும். டாலஸிலிருந்து காரில் பத்து மணி நேரம்தான். நாஷ்வில் எண்முறையை இப்போதே படிக்கச் சொல்லுங்கள்: கார்டு (chord) எனப்படும் சுரக்கூட்டுகளை 1, 4, 5 என்று எண்ணால் குறிப்பது. அங்கே ஸ்டூடியோவில் தாளை நீட்டுவார்கள். அதில் எண்கள்தான் இருக்கும்.