மாமூல் வாங்காத டிடெக்டிவ்

அன்புள்ள ஐயா,

1894-ஆம் ஆண்டு நியூயார்க்கை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விபச்சார விடுதி நடத்தும் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். விசாரிக்கும் டிடெக்டிவ் நேர்மையானவன், ஒரு சென்ட்கூடக் கைநீட்டி வாங்காதவன். கொலைக்குப் பின்னால் இருப்பது அவனுடைய கேப்டன்தான் என்று கடைசியில் தெரியவருகிறது. கேப்டனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இருந்த பழைய உறவே காரணம். படித்த நண்பர்கள் எல்லோரும் மூன்றாம் அத்தியாயத்திலேயே கேப்டனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவரை இன்னும் நன்றாக மறைக்க வேண்டுமா? போலீஸ் ஊழல் பற்றி நான் சேர்த்த தகவல்கள் கதையை இழுக்கின்றன என்கிறார்கள். வெட்டிவிடலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறைக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே கேப்டனைக் காட்டிவிடுங்கள். அவர் காசு வாங்குபவர் என்பது அன்றைய நியூயார்க்கில் தெருவில் பழம் விற்பவனுக்கும் தெரியும். பாதிரியார் சார்லஸ் பார்க்ஹர்ஸ்ட் 1892 பிப்ரவரியிலேயே தேவாலயத்தில் நின்று நகர அரசியலைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சி அமைப்பான டமனி ஹாலின் அரசியல்வாதிகளையும் போலீசையும் சேர்த்துச் சாடினார். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். தனியார் டிடெக்டிவ் ஒருவரை அமர்த்திக்கொண்டு, மாறுவேடத்தில் இரவில் சாராயக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அவரே போனார். பார்த்ததை எழுதிக்கொண்டு வந்து மறுபடியும் பேசினார். 1894-இல் மாநில செனட், போலீஸ் ஊழலை விசாரிக்க செனட்டர் லெக்ஸோ தலைமையில் கமிட்டி அமைத்தபோது, அதன் வேலை ரகசியத்தைக் கண்டுபிடிப்பதல்ல. ஊருக்கே தெரிந்ததைச் சத்தியம் செய்து சொல்ல ஆள் பிடிப்பதுதான் வேலை. யார் வாய் திறப்பார், எதற்காகத் திறப்பார்? உங்கள் நாவலின் மர்மம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் உங்கள் நாயகனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவன் எப்படி வேலைக்குச் சேர்ந்தான்? சாதாரண போலீஸ்காரனாகச் சேரவே 300 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது என்று கமிட்டியில் சாட்சிகள் சொன்னார்கள். கேப்டன் பதவிக்கு டிமத்தி கிரீடன் கொடுத்தது 15,000 டாலர். கேப்டனின் ஆண்டுச் சம்பளமே 2,750 டாலர்தான்! கிரீடன் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். முதல் நாள் கூண்டில் ஏறி, கொடுக்கவே இல்லை என்று சாதித்தார். அடுத்த நாள் ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு நாட்களுக்கு நடுவே இருக்கும் இரவை யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்த நண்பர்கள் மாட்டுவார்கள், வேலை போகும், இத்தனை வருடப் பெயரும் போகும். கெட்டவர் என்று அவரைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. விட்டுவிடவும் முடியவில்லை.

உங்கள் டிடெக்டிவ் கையிலும் அப்படி ஒரு 300 டாலர் கறையை வையுங்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டியதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அவன் ஒரு பைசா வாங்காதவனாகவே இருக்கலாம். ஆனால் கேப்டனைப் பற்றிச் சாட்சி சொல்லப் போனால் தன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது இருக்கும் நேர்மையாளன் யாரை வேண்டுமானாலும் பயமின்றிக் குற்றம் சாட்டுகிறான். அவனுக்கு இழப்பு ஒன்றும் இல்லை, அதனால் எனக்கும் பதற்றம் வரவில்லை.

கொலைக்கான காரணத்தையும் மாற்றுங்கள். பழைய உறவு என்பது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடக்கும். அந்த ஊருக்கே உரிய காரணம் அந்த மாமூல் முறைக்குள்ளேயே கிடைக்கிறது. விடுதிகள் மாதாமாதம் கட்டின. புதிய கேப்டன் வந்தால் அறிமுகக் கட்டணம் என்று 500 டாலர் தனியாக வாங்குவார்கள். மஃப்டியில் திரியும் வார்டுமேன் வசூலித்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் கொடுப்பான். அங்கிருந்து ஒரு பகுதி இன்ஸ்பெக்டருக்குப் போகும். ஆக, ஒரு கேப்டன் மாற்றலானாலே விடுதிக்காரியின் தலையில் இன்னொரு 500 விழும். போன மாதம்தானே கொடுத்தேன் என்று ஒருத்தி மறுத்தால்? கணக்கு எழுதி வைத்திருக்கிறேன் என்று மிரட்டினால்? உங்கள் கொலை அங்கே இருக்கிறது.

தகவல்களை வெட்ட வேண்டாம். நீங்கள் பத்தி பத்தியாக விளக்குவதால்தான் இழுக்கிறது. அதையே இரண்டு பேர் பேரம் பேசும் காட்சியாக எழுதுங்கள். தாமஸ் பைர்ன்ஸை விட்டுவிடாதீர்கள். நியூயார்க் டிடெக்டிவ் பிரிவை நாடறியச் செய்தவர். ஃபுல்டன் தெருவுக்குத் தெற்கே திருடன் காலை வைத்தால் கைது என்று கோடு போட்டு வால் ஸ்ட்ரீட் பணக்காரர்களைக் காத்தவர். கமிட்டி கேட்டபோது தன் சொத்து ஏறத்தாழ 3,50,000 டாலர் என்றார். ஜே கூல்ட் போன்ற கோடீஸ்வரர்கள் சொல்லிக்கொடுத்த பங்குச் சந்தை யோசனைகளால் வந்ததாம். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கொண்டுவரும் ஆசையை மட்டும் அடக்குங்கள். நகரப் போலீசை நிர்வகிக்கும் போர்டுக்கு அவர் வந்தது 1895 மே மாதம்தான்.

கெய்லா உர்ச்சிட்டெல் பற்றிப் படித்திருப்பீர்கள். ரஷ்யாவிலிருந்து வந்த யூத விதவை, பிள்ளைகளோடு தனியாகப் பிழைத்தவள். டிடெக்டிவ் 50 டாலர் கேட்டான். கொடுக்காததால் விடுதி நடத்துகிறாள் என்று பொய் வழக்குப் போட்டான். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. விடுதி முதலாளியும் கேப்டனும் பங்கு போடுவது ஒரு வியாபாரம். அந்த வியாபாரத்தில் சேராதவளுக்கு என்ன ஆகும் என்பதற்கு நாவலில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

அப்புறம், முடிவு. கமிட்டி வென்றது என்று நிறுத்தாதீர்கள். 1897 தேர்தலில் டமனி திரும்பி வந்தது. 1894-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வில்லியம் டெவரி, நீதிமன்றம் மூலம் மீண்டும் உள்ளே வந்து, 1898-இல் போலீஸ் தலைவராகவே ஆனார். இன்னொரு பக்கம், மேக்ஸ் ஷ்மிட்பெர்கர் என்ற கேப்டன், தான் வசூலித்ததையும் மேலே கொடுத்ததையும் 1894 டிசம்பரில் கமிட்டி முன் கொட்டித் தீர்த்தவர். சக போலீஸ்காரர்கள் அவரைத் துரோகியாகவே பார்த்தார்கள். ஆனாலும் வேலையில் தொடர்ந்து, பின்னாளில் தலைமை இன்ஸ்பெக்டர் வரை போனார். உங்கள் டிடெக்டிவுக்கு இந்த இரண்டாவது வாழ்க்கையைக் கொடுத்துப் பாருங்கள்: உண்மையைச் சொல்லிவிட்டு, அதே ஸ்டேஷனுக்கு மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவன்.

அவன் கூண்டில் ஏறும் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். மற்ற அத்தியாயங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.