கணக்குக் கேட்பது நியாயந்தீர்ப்பதா?

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கில் 6,000 ரூபாய் குறைகிறது. விளக்கம் கேட்டால், "நியாயந்தீர்க்காதே என்று வேதம் சொல்லுகிறதே" என்று பொருளாளர் அக்கா வாயை அடைத்துவிடுகிறார். கேட்டது தவறா?

பதில்: தவறே இல்லை. மத்தேயு 7:1ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் திறந்து பாருங்கள். "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்றுதான் இருக்கிறது. ரசீது கேட்பதால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ரசீதைப் பார்க்காமலே 'அவள்தான் எடுத்திருப்பாள்' என்று முடிவுகட்டுவதைத்தான் வசனம் தடுக்கிறது. ஐந்தாம் வசனத்தில், முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துவிட்டு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் எடுக்கச் சொல்லியிருக்கிறதே! பவுல்கூட தர்மப்பணத்தைத் தனியாளாகக் கையாளவில்லை. யாரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21).

கேட்கும் முறை மத்தேயு 18:15-17இல் இருக்கிறது. முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ரசீதுப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், செலவுச் சீட்டுகளோடு உட்காருங்கள். "பணம் எங்கே?" என்று ஆரம்பிக்காமல், "இந்த வரவு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு எழுத மறந்ததாகவும் இருக்கலாம். தீராவிட்டால் ஒருவரை அல்லது இருவரை அழைத்துப் போங்கள். கணக்குத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். அக்காமேல் ஏற்கெனவே வருத்தம் உள்ளவர்கள் வேண்டாம். அந்தச் சாட்சிகள் உங்கள் பேச்சுக்கும் சாட்சிகள். அதன் பிறகே கமிட்டி.

நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. "அக்காவுக்காக ஜெபிக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக்குறிப்பு போகும். அவர் காதுக்கு எட்டும்போது சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) முழுக்கத் தெரிந்திருக்கும். பிறகு கணக்குச் சரியாக வந்தாலும் போன பெயர் திரும்புமா?

எடுத்தது உண்மையென்றால் மன்னியுங்கள், பணத்தையும் வாங்குங்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்லுகிறது. உங்கள் கணக்குக்கு 7,200 ரூபாய். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, தருகிறேன் என்றது, ஆடு திருடிக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும் யாத்திராகமம் 22:1 விதித்த அளவு. மன்னித்த பிறகு பெட்டிச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கேள்வி: தேவன் நீதியுள்ளவரென்றால் எப்படிச் சும்மா மன்னிக்கிறார்?

பதில்: சும்மா மன்னிப்பதில்லை. மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில், ஒரு ராஜா தன் வேலைக்காரனுக்கு மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி. கடனே இல்லை என்று ராஜா சொல்லவில்லை. நஷ்டத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். சிலுவையைப் பற்றி ரோமர் 3:26 சொல்லுவதும் இதுதான்: தேவன் நீதியை விடாமலே நீதிமானாக்குகிறார். இன்னொன்று, அந்த வேலைக்காரனுக்கு உடன்வேலைக்காரன் தரவேண்டிய நூறு வெள்ளிப்பணம் அற்பத்தொகை என்று பிரசங்கிப்பார்கள். நூறு நாள் கூலி அற்பமா? நமக்கு நேர்ந்த அநியாயமும் நிஜம்தான். ஆறு கோடி தள்ளுபடியானவன் அந்த நூறுக்காகத் தொண்டையைப் பிடித்ததுதான் அங்கே குற்றம்.

கேள்வி: விபத்தில் இறந்தவரை 'கர்த்தரின் நியாயத்தீர்ப்பு' என்கிறார்களே?

பதில்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார் (லூக்கா 13:4-5). துக்கவீட்டுக்குப் போனால் சோறு கொண்டுபோங்கள்.

கேள்வி: சபையில் ஒருவர் ஒரு சிறுமியிடம் தவறாக நடந்திருக்கிறார். மத்தேயு 18ன்படி தனியே பேசி முடிக்கலாம் என்கிறார்கள்.

பதில்: கூடவே கூடாது. அது சகோதரர் இருவருக்குள் வரும் மனக்குறைக்கான வழி. குழந்தையை அவரோடு உட்காரவைப்பது இரண்டாவது கொடுமை. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் வேலையை ரோமர் 13:4 அரசு அதிகாரத்துக்குக் கொடுத்திருக்கிறது. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. போதகருக்கும் விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்றே அழையுங்கள். அவர் மனந்திரும்பிவிட்டார் என்றால், அதைக் காவல் நிலையத்தில் வந்து சொல்லட்டும்.