‘ஏ/எல்’ பெயர்கள் ஏன் இடம் மாறி நிற்கின்றன? முகவரிப் பட்டியலை வரிசைப்படுத்தும் வழி

கேள்வி: பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். கேடிஇ என்ற இலவச மென்பொருள் தொகுப்பில், முகவரிகளைக் கையாளும் ‘கேகான்டாக்ட்ஸ்’ லைப்ரரியை வைத்து சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் உள்ள ‘அட்ரஸி லிஸ்ட்’ கிளாஸைக் குடும்பப் பெயர்ப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் நம்மவர்கள் எல்லாரும் அப்பா பெயரில் போய் நிற்கிறார்கள். எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் சீன நண்பர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். தமிழில் பதிந்த பெயர்களும் அகராதி வரிசையில் வரவில்லை. பிழை கிளாஸில் இருக்கிறதா, என்னிடமா?

பதில்: கிளாஸில் பிழை இல்லை. நீங்கள் கொடுத்த இரண்டு பெயர்களை ஒப்பிட்டு எது முன்னால் என்று சொல்வதுதான் அதன் வேலை. குடும்பப் பெயர்ப்படி என்றால் முதலில் குடும்பப் பெயரைப் பார்க்கும், அது ஒன்றாக இருந்தால் இயற்பெயரைப் பார்க்கும். தப்பு அதற்கு முந்தைய படியில், பெயரைத் துண்டுபோட்ட இடத்தில் நடந்திருக்கிறது.

முழுப்பெயரை ஒரே வரியாகக் கொடுத்தால் இந்த லைப்ரரி அதைத் தானே பிரித்துக்கொள்ளும். காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்லைத்தான் குடும்பப் பெயர் என்று எடுக்கும். ஐரோப்பியப் பெயர்களுக்கு அது சரி. ‘சரவணன் ஏ/எல் மாரிமுத்து’ (ஏ/எல் என்றால் மலாயில் ‘மகன்’) என்று ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில் உள்ளபடி கொடுத்தால் மாரிமுத்து குடும்பப் பெயராகிவிடும், ‘ஏ/எல்’ நடுப்பெயராகிவிடும். ‘டான் மெய் லிங்’ என்பவருக்கு டான்தான் குடும்பப் பெயர், அது முதலிலேயே வருகிறது. லைப்ரரியோ லிங்கைப் பிடித்துக்கொள்கிறது. ‘நூருல் பிந்தி ஹசான்’ என்பவரும் இதே காரணத்தால் அப்பா பெயருக்குப் போய்விடுவார். நம் ஊரின் மூன்று பெயர் முறைகளும் இப்படி ஒரே இடத்தில் அடிபடுகின்றன.

அதனால் பெயரைப் பிரிக்கும் வேலையை லைப்ரரியிடம் விடாதீர்கள். பதிவுப் படிவத்திலேயே பெயர், அப்பா பெயர், சீனர்களுக்குக் குலப்பெயர் என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். டத்தோ, டாக்டர் போன்றவை பட்டத்துக்கான கட்டத்தில் போகட்டும். அவற்றைப் பெயரோடு ஒட்டினால் குழுவில் உள்ள டத்தோக்கள் எல்லாரும் ‘ட’வில் வந்து கூடிவிடுவார்கள். முழுப்பெயர்க் கட்டத்தில் மட்டும் ஐ.சி.யில் உள்ளதை அப்படியே வையுங்கள். அது காட்டுவதற்கு, வரிசைப்படுத்துவதற்கு அல்ல.

வரிசைப்படுத்த ஒரு தனிச் சாவி வேண்டும், அதாவது ஒப்பிடுவதற்கென்றே எழுதி வைக்கும் பெயர் வடிவம். தொடர்பு விவரங்களைக் கோப்பாகப் பரிமாறும் விகார்டு தரத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 1998-இல் வந்த 3.0 பதிப்பில் ‘சார்ட் ஸ்டிரிங்’ என்ற பெயரில் இருந்தது, 2011-இல் வந்த 4.0-இல் ‘சார்ட் ஆஸ்’ என்று மாறியது. கேகான்டாக்ட்ஸிலும் ஒவ்வொரு தொடர்புக்கும் இந்தச் சாவியை எழுதி வைக்கலாம். ஆனால் தயாராக உள்ள பெயர்வழி வரிசைகள் முழுப்பெயர், குடும்பப் பெயர், இயற்பெயர் போன்றவற்றைத்தான் பார்க்கின்றன. இந்தச் சாவியை அவை தொடுவதில்லை. நிறைய பேர் சாவியை எழுதிவிட்டு ‘ஒன்றுமே மாறவில்லையே’ என்று முழிப்பது இதனால்தான்.

வழி சுலபம். ‘சார்ட்மோட்’ என்ற அடிப்படை கிளாஸிலிருந்து உங்களுக்கென ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதில் ‘லெஸ்ஸர்’ என்ற ஃபங்ஷன்தான் முக்கியம்: இரண்டு தொடர்புகளை வாங்கி, முதலாமவர் முன்னால் வரவேண்டுமா என்று சொல்லும். முதலில் சாவியை ஒப்பிடுங்கள். சாவி ஒன்றாக இருந்தால் அப்பா பெயர், அதுவும் ஒன்றானால் அடையாள எண். இரண்டும் முழுக்கச் சமம் என்றால் கட்டாயம் ‘இல்லை’ என்றுதான் திருப்பித் தரவேண்டும். ‘ஆம்’ என்று தந்தால் வரிசைப்படுத்தும் நிரல் குழம்பி, சில சமயம் புரோகிராமே விழுந்துவிடும். எழுதிய கிளாஸை ‘சார்ட்பைமோட்’ ஃபங்ஷனிடம் கொடுத்தால் போதும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் யூனிகோடு எண்களை அப்படியே ஒப்பிட்டால் அகராதி வரிசை கிடைக்காது. அந்த அட்டவணையில் ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற, ல-வுக்குப் பிறகு ள, ழ, வ என்று இருக்கிறது. நம் வரிசையோ ய ர ல வ ழ ள ற ன. எனவே கவிதாவுக்கு முன்னால் கற்பகம் வந்துவிடுவார். புள்ளி இன்னொரு சிக்கல். அதன் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் கணேசன் முந்திக்கொண்டு கண்ணன் பின்னால் போவார். அகராதியில் ‘ண்’ முதலில், பிறகு ‘ண’, ‘ணா’. ஆகவே கண்ணன்தான் முன்னால் வரவேண்டும்.

கேடிஇ-க்கு அடித்தளமான கியூட்டி லைப்ரரியின் ‘லோக்கேல் அவேர் கம்பேர்’ இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். அது அந்தந்தக் கணினியின் மொழி அமைப்பையும் இயங்குதளத்தையும் சார்ந்தது. உங்கள் மடிக்கணினியில் ஒரு வரிசையும் அலுவலகக் கணினியில் வேறு வரிசையும் வரலாம். ‘கியூகொலேட்டர்’ கிளாஸில் தமிழைக் குறிப்பிட்டு ஒப்பிடுவது அதைவிட மேல். அச்சடிக்கும் பட்டியல் என்பதால், என்னைக் கேட்டால் நீங்களே ஒரு எழுத்து அட்டவணை எழுதிவிடுங்கள். பதினெட்டு மெய்களுக்கு வரிசை எண், அதன் பின் ஜ, ஷ, ஸ, ஹ. புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று உயிர் எண். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு எண்களாகிவிடும், அவற்றைக் கோத்தால் சாவி தயார். ஒருமுறை சாவியாக்கிச் சேமித்துவிட்டால் எந்தக் கணினியிலும் வரிசை மாறாது.

சாவி செய்வதற்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘கோ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு. கியூட்டியில் ‘நார்மலைஸ்டு’ ஃபங்ஷனை ‘சி’ வடிவத்தில் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கோபால், கோமதி எல்லாரும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

சாவி தமிழிலா ரூமியிலா (மலாய் எழுதப்படும் ஆங்கில எழுத்திலா) என்றால், உங்கள் குழுவுக்குத் தமிழே நல்லது. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் ஐ.சி.யில் ஒருவருக்கு ‘Subramaniam’ என்றும் இன்னொருவருக்கு ‘Suppramaniam’ என்றும் இருக்கும். ரூமிச் சாவியில் அவர்கள் தள்ளித் தள்ளி நிற்பார்கள், தமிழ்ச் சாவியில் பக்கத்துப் பக்கத்தில் வருவார்கள். சீன, மலாய் நண்பர்களின் சாவியையும் தமிழிலேயே, கூப்பிடும் ஒலிப்படி எழுதுங்கள். அவர்களைக் கடைசியில் தனியாக ஒதுக்குவதை நான் விரும்பவில்லை. பந்தலில் தோளோடு தோள் நிற்பவர்கள் பட்டியலிலும் நடுவிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: இந்த லிஸ்ட் தானாக வரிசையைக் காப்பாற்றாது. புதிதாகச் சேர்ப்பவர் கடைசியில்தான் உட்காருவார், எனவே சேர்த்தபின் மறுபடி வரிசைப்படுத்தச் சொல்லவேண்டும். சில நூறு பேருக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட எடுக்காது.

முழுப் பட்டியலில் ஓட்டுமுன் கண்ணன், கணேசன், கவிதா, கற்பகம், மல்லிகா, மலர் ஆகிய ஆறு பெயர்களைக் கலைத்துப்போட்டு ஓட்டிப் பாருங்கள். இதே வரிசையில் திரும்பி வந்தால் எழுத்து அட்டவணை சரி, அச்சுக்குப் போகலாம்.