கடன் வாங்கி துபாய் போகலாமா?

கேள்வி: என் கணவர் எட்டாவது வரை படித்தவர். சென்ட்ரிங் வேலை. மழை மாதங்களில் வேலையே கிடைப்பதில்லை. துபாயில் 1,000 திர்ஹாம் சம்பளம், 1,50,000 ரூபாய் கட்டு என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். மூணு வட்டிக்குப் பணம் தர ஆள் இருக்கிறது. சம்பளத்தை என் கணவர் தன் அண்ணன் கணக்குக்கு அனுப்புவாராம். போகச் சொல்லவா, வேண்டாமா?
– ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: போகட்டும் அம்மா. ஆனால் இந்தக் கணக்கில் போகக் கூடாது.

ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வையுங்கள். சாப்பாடு, போன் செலவுக்கு 350 திர்ஹாம் போனால், வீட்டுக்கு வருவது 15,000 ரூபாய். அரிசி, பருப்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் 6,000 ரூபாயில் முடித்து, மீதி 9,000-ஐக் கடனுக்குக் கட்டுகிறீர்கள். முதல் மாதம் அதில் 4,500 வட்டிக்கே போகும். இப்படியே கட்டினால் கடன் தீர இரண்டு வருடம். ஒப்பந்தமும் பெரும்பாலும் இரண்டு வருடம்தான். அவர் உழைப்பு முழுக்க, போன செலவை அடைக்கவே சரியாகிவிடும்.

கிராமத்து வங்கிக் கிளையில் நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். வெளிநாட்டுப் பணத்தில் நகையை மீட்டவர்களையும் பார்த்தேன், மறு அடகு வைக்க வந்தவர்களையும் பார்த்தேன். பெரும்பாலும் இருவருக்கும் சம்பளம் ஒன்றுதான். போன செலவும் வட்டியும்தான் வேறு.

முதலில் ஏஜென்ட். ஊர்க்காரர் என்பதால் வட்டி குறையப் போவதில்லை. அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். விசா செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். உங்கள் ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில். மெடிக்கல், அலைச்சல் எல்லாம் சேர்த்து 50,000-க்குள் முடித்து, அதையும் வங்கியில் நகைக் கடனாக வாங்கினால், அதே 9,000 ரூபாயில் ஆறு மாதத்தில் கடன் தீரும்.

விசிட் விசா வேண்டவே வேண்டாம். பத்தாவது முடிக்காதவர் என்பதால், அவர் அமீரகத்துக்கு வேலைக்குப் போக குடிபெயர்வோர் பாதுகாவலர் (வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் மத்திய அரசு அதிகாரி) அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தாண்டிப் போகத்தான் இந்த விசிட் விசா வழி. முறைப்படி போனால் 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு வருடத்துக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. சாரத்தில் ஏறி நிற்கிற மனிதருக்கு அது வேண்டாமா?

ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்ன என்று பாருங்கள். 'லேபர்' என்றோ 'ஹெல்பர்' என்றோ இருந்தால், தொழில் தெரிந்தவரைக் கையாள் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். சென்ட்ரிங் வேலைக்கு அங்கே பெயர் 'ஷட்டரிங் கார்ப்பென்டர்'; அப்படிப் போடச் சொல்லுங்கள், சம்பளமும் கூடக் கேட்கலாம். கூடத் தர மாட்டேன் என்றால், மழைக்காலம் போக மற்ற மாதங்களில் இங்கே கிடைக்கிற கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மிஞ்சுவது பெரிதாக இருக்காது.

அப்புறம் அந்த அண்ணன் கணக்கு. அவர் நல்லவராகவே இருக்கட்டும். கடன்காரர் வந்து நிற்பது உங்கள் வாசலில். கணவர் கிளம்புவதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, ஏ.டி.எம். அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தால் குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வர வேண்டும். மாமியாருக்குக் கொடுக்க வேண்டியதை மாதாமாதம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அதுவரைக்கான வீட்டுச் செலவையும் சேர்த்தே நகைக் கடனைக் கேளுங்கள். இல்லையென்றால் முதல் மாதமே மூணு வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.